ஐந்தாம் மாடியில் மூடுபனி

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், பல்லாரோச் சந்தையின் இரைச்சல் வந்து முட்டித் திரும்புகிற ஒழுங்கை ஒன்றில், ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மரக்கறிக் கடை வைத்திருந்த உரும்பிராய்க் குணநாயகத்தை விட்டு, அவருடைய மனைவி யோகராணி ஒரு மாசி மாதத்துக் காலையில் பிரிந்து போனாள். தூரம் ஒன்றும் போகவில்லை. சோற்றுப் பானை, தையல் மெசின், ஒரு பாய், கம்பளி நூல் பந்துகள் நிறைந்த ஒரு பை இவ்வளவையும் தூக்கிக்கொண்டு அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வெறுமையாய்க் கிடந்த ஒற்றை அறைக்கு ஏறிப்போனாள். கட்டடம் முழுக்கத் தமிழ்ச் சனம். கதவுகள் எல்லாம் விரல் அளவு திறந்தன, எல்லாரும் பார்த்தார்கள், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் காரணம் எல்லாருக்கும் தெரியும்.

யோகராணியின் தாய் ஊரில் செத்துப்போன செய்தி வந்த அன்று குணநாயகம் விமான ரிக்கற் எடுக்கப் போனார். ஒற்றைச் சேட்டோடு இந்த நகரத்தில் வந்து இறங்கி, கோப்பை கழுவி, பெட்டி சுமந்து, சிசிலிக்காரர் ஏசின ஏச்சிலிருந்தே அவர்களுடைய பாஷையைப் பொறுக்கி எடுத்து, அதே ஏச்சால் அவர்களை மடக்கிக் கடை பிடித்த மனிதன் அவர். சொன்ன விலைக்கு ஒரு பிடி கீரைகூட வாங்கியதில்லை. ரிக்கற்காரன் விலை சொன்னான். இவர் பாதி கேட்டார். அவன் கையை விரித்தான். இவர் எழும்பி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார், மேசையில் அடித்தார், மறுபடி எழும்பினார். பின்னேரம் விலை விழுந்தது; அதற்குள் விமானம் போய்விட்டது. யோகராணி ஊர் போய்ச் சேர்ந்தபோது தாயைக் கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து சனம் கையலம்பிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்த பிறகும் குணநாயகம், அந்த ரிக்கற்றை அந்த விலைக்கு இந்த நகரத்தில் வேறு எந்தக் கொம்பனாலும் எடுத்திருக்க ஏலாது என்று கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒரு காலையில்தான் அவள் பானையைத் தூக்கினாள்.

அவள் ஏறிப்போன கிழமையே திராட்சைக்கொடி வந்தது.

கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், கழிவுநீர் ஓட்டையின் இரும்புச் சல்லடையைத் தலையால் தூக்கிக்கொண்டு அது எழும்பி, சுவரைப் பிடித்து, மாடிப்படியின் கைப்பிடியைச் சுற்றி, ஒவ்வொரு தளத்திலும் ஒரு கையை வீட்டுக்குள் நீட்டி ஆர் இருக்கிறீர்கள் என்று கேட்பதுபோலத் தடவிப் பார்த்து, பங்குனி முடியுமுன் ஐந்தாம் மாடிப் பால்கனியில் போய் நின்று மூச்சு வாங்கியது. கட்டடச் சொந்தக்காரி கார்மேலா வந்து பார்த்து, தண்ணீர்க் குழாய் வெடிக்காதவரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்றாள். நகரசபை ஆள் ஒருவன் நாடா பிடித்து அளந்து, இதை மரத்தில் சேர்ப்பதா கட்டடத்தில் சேர்ப்பதா என்று தெரியாமல் கோப்பி குடித்துவிட்டுப் போனான். குணநாயகம் தண்டைத் தட்டிப் பார்த்து, அப்பு உரும்பிராயில் பந்தல் போட்டு வளர்த்த சாதி இல்லை இது, ஆனால் எந்தச் சாதியானாலும் வெட்டுகிற கைக்குத்தான் காய்க்கும் என்றார்.

கொடிக்கு ஒரு நாளில் பழகிவிட்ட சனத்துக்கு, அது கூட்டிக்கொண்டு வந்த காலநிலைகளுக்குப் பழகத்தான் காலம் பிடித்தது. வரைபடத்தில் சப்பாத்துப்போலக் கிடக்கிற அந்த நாடு, தெற்கு கீழும் வடக்கு மேலுமாய், கட்டடத்துக்குள் நிமிர்ந்து நின்றது. கீழே கடையில் எப்போதும்போல சிசிலி வெயில். முதலாம் மாடியில் அது இன்னும் தடித்து, மத்தியானத்தில் ஒருத்தரும் கண் திறக்கமாட்டாத தெற்கு வெக்கையானது. இரண்டாம் மாடியில் தொஸ்கானாவின் மேட்டு நிலக் காற்று. மூன்றாம் மாடியில் ஆற்றங்கரை ஈரம். நாலாம் மாடியில் மலையடிவாரக் குளிர். ஐந்தாம் மாடியில், வடக்குக் கோடியில் பீமொந்தேயில் விழுகிற அதே மூடுபனி, கதவுக்குக் கீழால் ஊர்ந்து வந்து படியில் உட்கார்ந்தது. மேல்மாடிக்கு விருந்து போகிறவர்கள் கீழே வியர்த்து வழிந்தபடி கம்பளிச்சட்டையைக் கையில் கொண்டு போனார்கள். மேலே தோய்க்கிற உடுப்பைக் கீழே கொண்டுவந்து காயப்போட்டார்கள். கந்தசட்டி விரதத்தில் வைன் மணக்கிற படிக்கட்டில் ஏறலாமா என்று கோயில் ஐயரிடம் கேட்டபோது, அவர் நெடுநேரம் யோசித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினால் தோஷமில்லை என்றார்.

ஆவணியில் கீழே பழுத்தது. கரிக்கட்டி போன்ற கறுப்பு. பிழிந்து வைத்தால் ஒரு கிழமைக்குள் பொங்கி அடங்கி, திராட்சைவற்றலும் மிளகும் வெயிலும் கலந்த வைன் ஆகிவிட்டது. சந்தைக்காரர் நக்கிப் பார்த்து, நீரோ தாவொலா என்று பெயர் சொன்னார்கள். குணநாயகம் அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டார். பிரிந்துபோன மனிசியைக் கூப்பிட வெறுங்கையோடு போகக்கூடாது. கையில் சரக்கோடு போனால் எந்த வாசலும் திறக்கும். ஒரு கூசாவை நிரப்பிக்கொண்டு அவர் ஐந்து மாடி ஏறினார்.

யோகராணி கதவைப் பாதி திறந்து, கூசாவை மணந்து பார்த்தாள்.

"உங்களைப்போலத்தான் இருக்கு. கதவு திறக்க முதல் உள்ளுக்கு வந்து நிக்குது."

கதவு சாத்தப்பட்டது. குணநாயகம் கீழே இறங்கி வந்து, அன்று தக்காளி கேட்டு வந்த எல்லாரையும் ஏசினார்.

அதற்குப் பிறகு அவரால் இருக்கமுடியவில்லை. முதலாம் மாடிக்காரரின் வைன், வெக்கையில் முந்திப் பழுத்து, பாணில் பூசுகிற யாம் போலத் தடித்து, இரண்டு வாயில் ஆளைப் படுக்கவைக்கிற வைன், அதைக் கொண்டுபோனார். வாசலிலேயே திரும்பி வந்தது. இரண்டாம் மாடியில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் சபாரத்தினம் இருந்தார். தொஸ்கானாக் காற்றுப் பட்டதிலிருந்து, உலகத்தில் தன்னுடைய பேச்சு ஒன்றுதான் சுத்தமான பேச்சு என்ற எண்ணம் அவருக்கு இன்னும் கூடியிருந்தது. அவருடைய சாஞ்சோவேசே மாங்காய்ப் புளிப்பும் காய்ந்த இலை மணமுமாய், வெறும் வாயில் குடிப்பவரைக் கோபித்து, சாப்பாட்டோடு குடிப்பவருக்கு மட்டும் முகம் கொடுக்கிற வைன். இவ்வளவு புளிப்பை ஆர் குடிக்கிறது என்று குணநாயகம் வழக்கம்போலக் குறை சொல்லி விலையை இறக்கப் பார்க்க, வாத்தியார், இனிப்பு வேணுமெண்டால் உம்மட மனிசிக்குப் பாயாசம் கொண்டுபோம் என்றார். ஒரு பெட்டி முருங்கைக்காய்க்கு ஒரு போத்தல் என்று பேச்சு முடிந்தது. யோகராணி அதை ஒரு மிடறு குடித்துவிட்டு, நல்லதுதான், ஆனால் இது கூட இருந்து சாப்பிட ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்கு உரியது என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் மாடியில் வடக்கே றெஜியோ எமிலியா நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்த கலியாணமாகாத பெடியள் ஆறு பேர். அவர்களுடைய லம்புருஸ்கோ குளிரவைத்து, நண்டுக்கறியோடு, சோடாப்போல நுரைக்க நுரைக்கக் குடிக்கிற சிவப்பு. குணநாயகம் படியேறும்போதெல்லாம் அவர்கள் கதவில் சாய்ந்து நின்று, "அண்ணை, அஞ்சாம் மாடிக்கு விசா கிடைச்சிட்டுதோ?" என்று கேட்பார்கள். இவர் இறங்கும்போது ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதுதான் இவருக்குக் கூடச் சுட்டது. அவர்களுடைய போத்தலைத் திறந்தபோது யோகராணிக்கு மூக்கில் நுரை ஏறிச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு இவர் ஒரு கால் உள்ளே வைத்தார். அவள் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு அந்தக் காலைப் பார்த்தாள். இவர் காலை எடுத்தார்.

நாலாம் மாடியில் கொண்டுபோக ஒன்றும் இல்லை. அங்கே பாஷையூர் மரியநேசம் அக்கா, வெறோனாப் பக்கத்து முறைப்படி, பறித்த குலைகளைப் பாய் பாயாய்ப் பரப்பி, கருவாடு காயப்போட்ட கையால் ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டிருந்தார். தைமாதம் வரைக்கும் அது காயவேண்டும். சுருங்கி, பாதியாகி, சாறு கட்டியாகி, அதற்குப் பிறகுதான் பிழியலாம். அப்போது அது அமரோனே, இனிப்பு எல்லாம் வெறியாய் மாறிக் கசப்பு மட்டும் மிஞ்சுகிற அந்தப் பெரிய வைன். இப்போதே பிழிந்தால் என்ன என்று குணநாயகம் கேட்டார்.

"மீனைக் காயவிடாமல் கருவாடு எண்டு வித்தால் சனம் மூஞ்சையில எறியும், தம்பி," என்றார் மரியநேசம். பிறகு, இரக்கப்பட்டோ என்னவோ, யோகராணி தன்னிடம் சொன்னதையும் சொன்னார். ஐந்தாம் மாடிக் கொடியில் இருக்கிற குலை பழுத்து, அதைத் தன் கையால் பிழிந்து, குடித்துப் பார்த்த பிறகுதான், கீழே இறங்குவதா, இல்லை தையல் மெசினோடு வடக்கே தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவதா என்று தான் முடிவெடுப்பேன் என்றிருக்கிறாள்.

இதைக் கேட்ட நாளிலிருந்து குணநாயகத்துக்கு நித்திரை இல்லை. தராசில் காய் போட்டுக்கொண்டிருக்கும்போது கையை அப்படியே விட்டுவிட்டு ஐந்து மாடி ஏறி, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, படிச்சுவரோடு படர்ந்திருந்த குலைகளை அமுக்கிப் பார்த்தார். கல். மறுநாளும் கல். கீழே பிழிந்து, பொங்கி, குடித்து, போத்தலும் கழுவியாயிற்று. இங்கே நெபியோலோ என்கிற இந்தக் காய், பனிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, பழுக்கிற எண்ணமே இல்லாமல் தொங்கியது. வைனை மணந்து பார்த்தே ஊர் சொல்லுகிற ஒருவன் இந்தக் கட்டடத்தின் பெயர் கேள்விப்பட்டு வந்து, மாடி மாடியாய் மூக்கை விட்டு, ஐந்தாம் மாடியில் தொப்பியைக் கழற்றினான். இது எல்லாவற்றுக்கும் கடைசியாய்ப் பழுக்கும், ஆருடைய சொல்லும் கேட்காது, வெயில் கொஞ்சம் பட்டால் நல்லது, ஆனால் பனியை விட்டால் இது இதுவல்ல என்று சொல்லிப் போனான். அவன் சொன்னதில் குணநாயகத்தின் காதில் தங்கியது வெயில் என்ற ஒரு சொல்தான்.

அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. உரும்பிராயில் திராட்சைத் தோட்டக்காரர் கொடியைச் சும்மா இருக்க விடுவதில்லை. காய் பறித்த கையோடு கொப்பை ஒட்ட வெட்டி, இலை முழுவதையும் உருவி, வேரில் தண்ணீர் கட்டிவிட்டால், வருசம் முழுக்க வெயில் இருக்கிற அந்த மண்ணில் கொடி பயந்துபோய் மறுபடி தளிர்த்துக் காய்க்கும். கொடிக்கு ஓய்வு என்பது அங்கே ஒருத்தரும் கேள்விப்படாத சங்கதி. கொடியும் சந்தைக்காரனைப்போலத்தான், இறுக்கினால் இறங்கிவரும் என்று குணநாயகம் நினைத்தார். ஐப்பசியில் ஒரு மத்தியானம், யோகராணி தான் சம்பளத்துக்குப் பார்க்கிற கிழவியைக் குளிப்பாட்டப் போயிருந்த நேரம், அவர் கத்தியோடு ஏறி, ஐந்தாம் மாடிக் கொடியில் ஒரு இலை மிச்சம் விடாமல் உருவினார். வெயில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே வெயில் இருக்கவில்லை. பனிதான் வந்தது. இலையில்லாத குலைகள் சட்டையில்லாத பிள்ளைகள்போல விறைத்துத் தொங்கின.

யோகராணி வந்து பார்த்தாள். படியில் குவிந்து கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு பையைத் திறந்து, கிழவிக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிக் காலுறைகளை எடுத்து, ஒவ்வொரு குலைக்கும் ஒன்றாய் மாட்டத் தொடங்கினாள். காலுறை போதவில்லை. இந்தச் செய்தி படி வழியே இறங்கியதும், கட்டடம் தன் காலுறைகளைக் கழற்றியது. பெடியளின் ஓட்டை விழுந்த காலுறைகள், வாத்தியாரின் சாம்பல் நிறக் காலுறை, மரியநேசம் அக்கா தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைக் காலுறை, முதலாம் மாடிக் குழந்தைகளின் பூப்போட்ட காலுறை எல்லாம் மேலே ஏறிப் பனிக்குள் வரிசையாய்த் தொங்கின. குலை பறிக்கும்வரை அந்தக் கட்டடத்துச் சனம் வெறுங்காலோடு சப்பாத்துப் போட்டது. குணநாயகமும் தன்னுடைய ஒரு சோடியைத் தோய்த்து மரியநேசம் அக்காவிடம் கொடுத்து அனுப்பினார். அது அன்றைக்கே மடித்தபடி திரும்பி வந்தது.

கடைக்கு வந்தவர்கள் விலை கேட்டார்கள், சொன்ன விலைக்கு வாங்கினார்கள், போனார்கள். ஒருத்தரும் பேரம் பேசாத அந்த மாதங்களைப் போன்ற தண்டனையை அவர் கண்டதில்லை. வேண்டுமென்றே கூடச் சொல்லிப் பார்த்தார். அதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் கடைக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தார், கத்தரிக்காய்களை அடுக்கிக் கலைத்தார், முதல் படிக்கட்டில் கால் வைத்து எடுத்தார். மேலே கார்த்திகைக் குளிரில் யோகராணி காலுறைகளைக் கழற்றிக் குலை பறித்ததும், பெரிய கிடாரப் பாத்திரத்தில் போட்டுத் தன் காலால் மிதித்ததும், பானைகளில் அடைத்துச் சீலைத்துணி கட்டி வைத்ததும் செய்தியாய் மட்டும் அவருக்கு வந்தன. வடக்கிலிருந்து தங்கச்சி இரண்டு தரம் தொலைபேசி எடுத்ததும் வந்தது.

சித்திரை வருசப்பிறப்புக் கழிந்த மறுநாள் காலை, மரியநேசம் அக்கா கடை வாசலில் நின்று, மேலே வரட்டாம் என்றார்.

அவர் சேட்டு மாற்றினார். மாற்றியது பிடிக்காமல் பழையதையே போட்டார். வாயில் ஒரு வழக்கை அடுக்கிக்கொண்டு, கீழ்த்தளத்து வெயிலில் வியர்த்து, முதலாம் மாடியின் வெக்கையில் மூச்சு முட்டி, வாத்தியாரின் காற்றில் காய்ந்து, பெடியளின் ஈரத்தில் வழுக்கி, நாலாம் மாடிக் குளிரில் பல்லைக் கடித்து, தங்கச்சி வீட்டைப் பற்றி ஒன்று, பெண்கள் தனிய இருப்பதைப் பற்றி ஒன்று, தான் கொடியின் நன்மைக்குத்தான் செய்தேன் என்பதைப் பற்றி ஒன்று என்று நியாயங்களைக் கட்டுக் கட்டாய்க் கட்டி, பனிக்குள் நுழைந்து கதவைத் தட்டினார். அறைக்குள்ளே தையல் மெசின் பயணத்துக்குப்போலத் துணியால் மூடிக் கட்டப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கட்டின நியாயங்களில் பாதி அவிழ்ந்து விழுந்தது.

அவள் ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தாள். பார்க்க ஒன்றுமில்லை, பால் விடாத பிளேன்ரீப்போல வெளிறின சிவப்பு, கிளாசுக்கு அப்பால் அவளுடைய விரல் தெரிந்தது. இதுக்கோ இவ்வளவு ஆரவாரம் என்று நினைத்துக்கொண்டு மணந்தார். ரோசாப்பூ மணத்தது, அதற்குப் பின்னால் புதிதாய்த் தார் ஊற்றின தெரு மணத்தது. ஒரு வாய் குடித்தார்.

முதலில் புளிப்பு கத்திபோலப் போனது. பிறகு துவர்ப்பு வந்தது. பச்சைக் கடுக்காயையும் முற்றாத பாக்கையும் ஒன்றாய்ச் சப்பினதுபோல நாக்கு, பல்முரசு, மேலண்ணம் எல்லாம் ஒன்றையொன்று பிடித்து இறுக்கி, வாய்க்குள் இருந்த அவ்வளவு ஈரத்தையும் உறிஞ்சி, அவர் அடுக்கிக் கொண்டுவந்த சொற்களை அடுக்கின இடத்திலேயே ஒட்டிவிட்டது. அவர்களுடைய கலியாணம் நடந்த நாளிலிருந்து முதல் தரமாக, அவள் பேசி முடிக்கும்வரை அவர் இடையில் பேசவில்லை.

"இலை நிண்டிருந்தால் உது இவ்வளவு இறுகியிராது. உங்கட கைதான் உதுக்குள்ள இருக்கு. ஊத்தி எறியலாமெண்டுதான் முதலில நினைச்சன். பிறகு மணந்து பார்த்தன், மணம் வேற சொல்லுது. உள்ளுக்கு நல்லதொண்டு கிடக்கு. எப்ப வெளியில வருமெண்டு எனக்குத் தெரியாது. வைச்சிருந்துதான் பார்க்கவேணும்." அவள் பானையின் வாயைத் துணியால் கட்டினாள். "வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. அது இளகினால் மிச்சத்தை யோசிப்பம்."

குணநாயகத்தின் நாக்கு ஒரு ஓரத்தில் மட்டும் பிரிந்தது. பிரிந்ததும் அது தன் பழக்கத்துக்குப் போயிற்று.

"ஆறு மாதம்."

"பன்ரண்டு."

"எட்டு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பானையைப் பார்த்தாள், துணி முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

"பத்து," என்றாள்.

குணநாயகம் சந்தையில் தேய்ந்த மனிதன். விற்க மனமில்லாத ஆள் விலையே சொல்லாது, சொன்னாலும் இறக்காது என்பது அவருடைய எலும்புக்குத் தெரியும். கூசா கூசாவாய்ச் சுமந்து வந்தபோதெல்லாம் அவள் வேண்டாம் என்றாளே தவிர ஒரு விலை சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து இறங்கியும் விட்டாள். ஒருதரம் இறங்கின ஆள் இன்னொரு தரமும் இறங்கும். இன்னும் ஒரு இழுவை, எழும்பி வாசல்வரை ஒரு நடை, ஒன்பது விழும், ஒன்பதரைக்காவது விழும். அவருடைய கால்கள் வாசல்வரை போய்விட்டன. திரும்புகிற இடம் அதுதான். அவர் திரும்பாமல் வெளியே போய்க் கதவை மெதுவாய்ச் சாத்தினார்.

நாலாம் மாடித் திருப்பத்தில், பனி முடிகிற இடத்தில், மரியநேசம் அக்கா அவரைக் கண்டார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக நின்றார். தலைசுற்று என்று நினைத்து அக்கா ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். குணநாயகம் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார். தண்ணீர் பட்டால் நாக்கு இளகிவிடும். இளகினால் அது மேலே ஏறிப்போய் ஒன்பது என்று கேட்டுவிடும்.